நலப் படிவத்தில் நான் மறைத்தது

மகனே,

ஆரணியிலிருந்து உன் தகப்பன் எழுதுகிறேன். வழக்கமாக என் கடிதங்கள் 'இங்கு நானும் உன் தாயும் நலம்' என்று தொடங்கும். உன் தாய் நலமாகவே இருக்கிறாள். மற்றப் பாதியை இம்முறை எழுதாமல் விடுகிறேன். அது ஏன் என்பதைச் சொல்லவே இத்தனை தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெற்றோர் ஒரு கடிதம் எழுதி அனுப்ப வேண்டும் என்றும், மாணவர் விரும்பினால் அதை உருவாக்கப் பயிற்சி வகுப்பில் எல்லோர் முன்பும் வாசிக்கலாம் என்றும் உன் இறையியல் கல்லூரி முதல்வர் கேட்டிருந்தார். வாசிப்பதும், மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்வதும் உன் விருப்பம். எல்லோரும் கேட்கலாம் என்ற எண்ணத்தோடுதான் எழுதுகிறேன். உன்னைப் பற்றிய பத்திகளை வேண்டுமானால் தாண்டிச் செல். என்னைப் பற்றிய எதையும் தாண்ட வேண்டாம்.

உருவாக்கப் பயிற்சி என்ற சொல்லை நீ முதலாண்டில் எழுதியபோது, அது ஜெபத்துக்கும் வேதபாடத்துக்கும் வைத்த வேறொரு பெயர் என்று எண்ணினேன். வாரம் ஒருமுறை ஆலோசகரோடு தனியாக ஒரு மணி நேரம், பருவத்துக்கு ஒருமுறை மருத்துவச் சோதனை, வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு, மாலையில் கட்டாயமாக வாலிபால், தூங்கிய நேரத்தையும் உண்ட உணவையும் கோபம் வந்த வேளைகளையும் ஒரு நோட்டில் எழுதுவது என்று நீ விவரித்திருந்தாய். 'ஆத்துமாக்களை மேய்க்க வந்தவனுக்குப் பந்து அடிக்கச் சொல்லித் தருகிறார்கள்' என்று அடியில் ஒரு வரி. அந்த வரியைச் சபைக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டிச் சிரித்தேன். எல்லோரும் என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். உன் தாய் மட்டும், 'நீங்களும் சின்ன வயசுல பந்து அடிச்சிருந்தா இன்னிக்கு ரெண்டு விரல் மிச்சம் இருந்திருக்கும்' என்றாள். என் இடது காலில் இல்லாத இரண்டு விரல்களைத்தான் சொன்னாள். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

போன கிறிஸ்மஸ் விடுமுறையில் நீ வீட்டுக்கு வந்திருந்தாய். நான் ஓய்வு பெற்ற ஆயர் என்றாலும், என் மகன் என்பதால் ஞாயிறு ஆராதனையில் உனக்குப் பிரசங்கம் கொடுத்தார்கள். நன்றாகவே பேசினாய். சொல் சுத்தமாக இருந்தது, எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரிந்திருந்தது. வாசலில் என் கையைப் பிடித்தவர்களெல்லாம் 'அப்பாவ மிஞ்சிட்டான்' என்றார்கள். நான் அதைக் கேட்டு நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தேன். ஆராதனைக்கு முன் ஆலயத்தின் பின்புறம் தண்ணீர்த் தொட்டி அருகே நீ வாந்தி எடுத்ததை உன் தாய் பார்த்திருக்கிறாள். 'ஒண்ணும் இல்லம்மா, பஸ்ல வந்த அலுப்பு' என்றாயாம். அன்றைக்கு நீ வந்து நான்கு நாளாகியிருந்தது.

மறுநாள் துணி துவைக்கப் போன உன் தாய், உன் சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். அதன் பிறகுதான் சொன்னாய். மூன்று மாதமாகச் சரியான தூக்கமில்லை. பிரசங்க மேடையில் வேதத்தைத் திறக்கும்போது கை நடுங்குகிறது. நடுக்கம் தெரியாமலிருக்க மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறாய். கல்லூரிக்கு வெளியே ஒரு மருத்துவரைப் பார்த்தாய். அவர் கொடுத்த மாத்திரையை நான்கு நாள் சாப்பிட்டு, அறைத் தோழன் பார்த்துவிடுவான் என்று நிறுத்திவிட்டாய். 'இத எழுதினா குருப்பட்டம் குடுக்க மாட்டாங்கப்பா. ஒரு வருஷம் நிறுத்தி வெச்சிடுவாங்க. காலேஜ் நலப் படிவத்துல எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுட்டேன்' என்றாய். அந்த இடத்தில் உனக்கு ஒரு தகப்பன் தேவைப்பட்டான். நான் சொன்னது இது: 'பெத்தவங்க நிரப்புற பக்கத்துல நானும் அப்படித்தான் போட்டேன். ஜெபம் பண்ணு, சரியாயிடும்.' உன் தாய் எழுந்து உள்ளே போய்விட்டாள். உன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைக் கொடுத்தது என் வாழ்நாளில் செய்த பெரிய தவறுகளில் ஒன்று என்று இப்போது எழுதுகிறேன். அந்தப் பதிலை இந்தக் கடிதத்தால் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நான் இந்தச் சபைக்கு ஆயராக வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். நம் சபையாரில் பாதிப்பேர் பட்டுத் தறியில் கூலிக்கு நெய்தார்கள், மீதிப்பேர் வயல் வேலைக்குப் போனார்கள். எல்லோரும் ஊருக்கு வெளியே இருந்த குடியிருப்பில் வாழ்ந்தார்கள். அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க ஊரில் பலர் தயங்கிய காலம் அவர்களுடைய நினைவில் இன்னும் பச்சையாக இருந்தது. எனக்கு முன்பிருந்த ஆயர், அவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை, அந்தக் குடியிருப்பில் வீடு சந்திக்கப் போனால் எங்கும் வாய் நனைக்க மாட்டாராம். கேட்டால் வயிறு சரியில்லை என்பாராம். அதே நாளில் ஊருக்குள் கடைக்காரர் வீட்டில் காப்பி குடிப்பாராம். இதை நான் அறியாமல்தான் முதல் நாள் பாக்கியத்தின் வீட்டுக்குப் போனேன். நீ 'பாக்கியம் அத்தை' என்று கூப்பிடுகிறாயே, அவள்தான். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கணவனை இழந்தவள், தறியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்காமலேயே கேட்டாள்: 'இன்னா ஐயா, இங்க டீ குடிப்பீங்களா, இல்ல உங்களுக்கும் வயிறு சரியில்லையா?' பக்கத்துத் தறியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன். அன்று மாலைக்குள் குடியிருப்பு முழுவதும் அந்தச் செய்தி போய்விட்டது. அதன்பின் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் எனக்கு முன்பாக டீ வந்து நின்றது. அவர்கள் டீயில் சர்க்கரை அதிகம்; விருந்தாளிக்கு இன்னும் அதிகம். ஒரு நாளில் ஒன்பது, பத்து வீடு சந்திப்பேன். என் ஊழியத்தின் பாதி அந்த டம்ளர்களில்தான் நடந்தது என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன். அது பொய்யுமில்லை.

மூன்றாம் ஆண்டில் எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. மருத்துவர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். நான் வேதாகமச் சங்கீதத்தில் ஒரு வரியைச் சொன்னேன். பசியைப் பற்றிக் கேட்டார். பழந்தமிழ்ச் செய்யுள் ஒன்றைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு, 'ஐயா, பாட்டெல்லாம் நல்லா இருக்குது. எத்தன மணி நேரம் தூங்கறீங்க, அத மட்டும் சொல்லுங்க' என்றார். செய்யுள் நாவில் இருந்தால் வலியைப் பேசாமல் தப்பித்துவிடலாம் என்பதை நான் இளமையிலேயே கற்றிருந்தேன். உனக்கும் நிறைய வரிகள் மனப்பாடம். அவற்றை உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதனால் இதை நானேதான் சொல்ல வேண்டும்: ஆலோசகர் எதிரில் உட்காரும்போது அந்த வரிகளைக் கொஞ்ச நேரம் வெளியே விட்டுவிட்டுப் போ. ஆண்டவருக்கு அவை ஏற்கெனவே தெரியும். ஆலோசகருக்குத் தெரிய வேண்டியது நீ தூங்கினாயா என்பது.

டீயை நிறுத்தச் சொன்னார் மருத்துவர். நான் நிறுத்தவில்லை. ஏன் என்று நீ யோசித்துப் பார். முந்தைய ஆயர் நோய் என்று பொய் சொல்லி அந்த மக்களை அவமதித்துவிட்டார். இப்போது எனக்கு உண்மையாகவே நோய் வந்திருக்கிறது. ஆனால் அந்தச் சொல் கெட்டுப்போய்விட்டது. 'சர்க்கரை இருக்கிறது, வேண்டாம்' என்று நான் சொன்னால் அவர்கள் காதில் 'வயிறு சரியில்லை' என்றே கேட்கும் என்று முடிவு செய்துகொண்டேன். யாரையும் கேட்காமல் நானாகச் செய்துகொண்ட முடிவு. இதற்குத் தியாகம் என்று பெயரும் வைத்தேன். தவக்காலத்தில் பகல் முழுதும் உபவாசம், மாலையில் வீடு சந்திப்பு, பத்து டம்ளர் இனிப்பு டீ. இப்படி நான்கு ஆண்டுகள் போயின. உன் தாய்க்குத் தெரியும். அவள் சண்டை போட்டாள். 'ஊழியத்த நீ புரிஞ்சிக்கல' என்று அவளிடம் சொன்னேன்.

ஒருநாள் காலை பாக்கியத்தின் வீட்டில் அவள் மகளுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தேன். தறி வீடுகளில் செருப்பை வெளியே விட்டுத்தான் போவோம் என்பது உனக்குத் தெரியும். ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தால் பாக்கியம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஐயா, கால்ல ரத்தம் வந்துகினு இருக்குது. உங்களுக்குத் தெரியலயா?' என்றாள். தறியடியில் உடைந்து கிடந்த ஊசி ஒன்று பாதத்தில் ஏறியிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கால் மரத்துப்போய் எத்தனை நாளாயிற்று என்றும் தெரியவில்லை. அவள் அண்ணன் ஒருவருக்கு அதே நோய். பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டாள். 'சக்கரையா?' என்று கேட்டாள். ஆம் என்றேன். 'எத்தினி வருஷமா?' சொன்னேன். அவள் கையில் எனக்காகக் கொண்டுவந்த டம்ளர் இருந்தது. அதைக் கீழே வைத்தாள்.

'அப்ப நாலு வருஷமா எங்க கையால வெஷத்த வாங்கிக் குடிச்சிகினு இருந்திருக்கீங்க. எங்களயெல்லாம் வெஷம் குடுத்தவங்களா ஆக்கிட்டீங்களே ஐயா' என்றாள். நான் ஏதோ விளக்கம் சொல்லத் தொடங்கினேன். முந்தைய ஆயரைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, 'அவுரு எங்கள நம்பி டீ குடிக்கல. நீங்க டீ குடிச்சீங்க, ஒரு வார்த்த நம்பிச் சொல்லல. எது ஒசத்தி, நீங்களே சொல்லுங்க' என்றாள். புண் ஆறாமல் மாதக்கணக்கில் இழுத்து, வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். நான் திரும்பி வந்தபின் குடியிருப்பில் ஒரு மாற்றம் நடந்திருந்தது. நான் போகும் வீடுகளில் உப்புப் போட்ட மோர் தயாராக இருந்தது. பிள்ளைகள் 'ஐயாவுக்கு மோரு' என்று தெருவிலேயே கூவிச் சொன்னார்கள். ஒருவரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் மறைத்து வைத்த நான்கு ஆண்டுகளும் வீண். இரண்டு நாளில் முடிந்திருக்கக்கூடிய காரியம் அது.

ஆண்டவர் ஒரு கிணற்றடியில் உட்கார்ந்து, அவரோடு பேசவும் கூடாத இனத்துப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்ட பகுதியை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். நம் சபையில் அதைவிடப் பொருத்தமான பகுதி கிடையாது என்று எண்ணினேன். விலக்கப்பட்டவள் கையில் வாங்கிக் குடிக்கத் துணிந்தார் என்பதை விரித்து விரித்துச் சொன்னேன். அந்தக் கதையின் தொடக்கத்தில், அவர் நடந்து களைத்துப்போய் உட்கார்ந்தார் என்று ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை ஒருமுறையும் நான் பிரசங்கித்ததில்லை. விரல் போன பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. அவர் முதலில் களைத்தார், களைப்பை மறைக்காமல் உட்கார்ந்தார், பிறகு கேட்டார். கேட்டதால்தான் அந்தப் பெண் பேசத் தொடங்கினாள்.

இங்கே கதை முடிந்திருந்தால் நான் திருந்திய மனிதன் என்று நீ நினைக்கலாம். முடியவில்லை. அந்தப் பாடத்தை நான் ஒரு நோய்க்கு மட்டும்தான் கற்றுக்கொண்டிருந்தேன். விரல் எடுத்த மறு ஆண்டு, நீ பத்தாம் வகுப்பில் இருந்தபோது, என் மனம் கீழே போயிற்று. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எழுந்திருக்க முடியவில்லை, எழுந்தால் ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்துகள் மட்டும் தெரிந்தன. சாப்பாடு மண்ணாக இருந்தது. அழுகையும் வரவில்லை. மூன்று மாதம் உள்ளறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். சபையார் வாசலில் வந்து கேட்டால், 'காய்ச்சல்' என்று சொல்லச் சொன்னேன். வாசலில் போய்ச் சொன்னவன் நீ. ஒருநாள் பள்ளிச் சீருடையோடு நின்றுகொண்டு, 'அப்பாவுக்கு டைஃபாய்டு' என்று நீயாகவே ஒரு பெயரைச் சேர்த்துச் சொன்னதை உள்ளே படுத்துக்கொண்டு கேட்டேன். கெட்டிக்காரன் என்று நினைத்தேன். பதினைந்து வயதுப் பிள்ளையிடம், மனம் நோவது வெளியே சொல்லக்கூடாத காரியம் என்ற பாடத்தை நான் தினம் தினம் நடத்திக்கொண்டிருந்தேன். உன் கல்லூரி மூன்று ஆண்டாக உனக்குக் கற்றுக்கொடுக்கப் பாடுபடுவதை, அதற்கு வெகுகாலம் முன்பே நான் தலைகீழாகக் கற்றுக்கொடுத்துவிட்டேன்.

எப்படி எழுந்தேன் என்றும் சொல்கிறேன். அதை அற்புதமாக எண்ணி ஏமாந்துவிடாதே. உன் தாய் என்னை வேலூரில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். சபைக்கு 'கால் செக்கப்' என்று சொன்னோம். பதினோரு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். மாத்திரை தொடங்கி ஐந்தாவது வாரத்தில், தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வது காதில் விழுந்து சிரித்தேன். அதுதான் முதல் அடையாளம். பிறகு ஒரு சாட்சிக் கூட்டத்தில், 'கர்த்தர் என்னைத் தூக்கியெடுத்தார்' என்று பேசினேன். தூக்கியெடுத்தார், அது உண்மை. அவர் எந்த மருத்துவரின் கையைப் பிடித்துத் தூக்கினார் என்பதைச் சொல்லாமல் விட்டேன். அன்று அந்தக் கூட்டத்தில் என்னைப்போலவே படுத்திருந்து வந்தவர் எவராவது இருந்திருந்தால், தனக்கு மட்டும் ஜெபம் பலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்.

ஓய்வுநாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உன் பயிற்சியில் திங்கட்கிழமை முழுவதும் ஓய்வு என்று எழுதியிருந்தாய். எனக்கும் திங்கட்கிழமைதான் இருந்தது, பெயரளவில். நம் ஊருக்குப் பக்கத்திலுள்ள திருமலைச் சமணக் குன்றைப் பார்க்க வேண்டும் என்று நீ ஆறாம் வகுப்பில் கேட்டாய். பள்ளி விடுமுறையில் நான்கு திங்கட்கிழமை புறப்பட்டோம். நான்கு முறையும் யாராவது வாசலில் வந்து நின்றார்கள், நான் அவர்களோடு போனேன். ஐந்தாவது வாரம் உன் தாய் உன்னை பஸ்ஸில் அழைத்துப் போய்விட்டு வந்து, 'சபைதான் உங்களுக்குப் புள்ள. நாங்க ரெண்டு பேரும் விருந்தாளிங்க. விருந்தாளி எத்தினி நாளிக்குக் காத்துகினு இருப்பாங்க?' என்றாள். வாசலுக்கு வந்த அந்த நான்கு பேரில் மூவரின் காரியம் செவ்வாய்க்கிழமைவரை பொறுத்திருக்கும். அவர்கள் அவசரப்படுத்தவுமில்லை. நான் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று நம்பியவன் நான் மட்டும்தான். ஓய்வெடுக்கத் தெரியாத ஆயர், தான் மேய்ப்பனல்ல, தானே புல்வெளி என்று எண்ணத் தொடங்கிவிடுகிறான். அந்த நாளை நீ சோம்பலாக நினைக்காமல் கடமையாக எடுத்துக்கொள். வாலிபாலையும்தான். மாலையில் வியர்க்க விளையாடுகிறவனுக்குத் தூக்கம் கொஞ்சம் கிட்டே வரும் என்று மருத்துவர்கள் என்னிடம் சொன்னார்கள்; நான் கேட்காத காலத்தில் சொன்னார்கள்.

உன் நலப் படிவத்தில் பெற்றோர் நிரப்பும் பக்கம் ஒன்று இருந்தது. குடும்பத்தில் சர்க்கரை நோய் உண்டா என்ற கேள்விக்கு 'உண்டு' என்று எழுதினேன். அடுத்த கேள்வி, குடும்பத்தில் எவருக்கேனும் மனநலக் குறைவு ஏற்பட்டதுண்டா என்பது. 'இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பட்டம் பெற்ற ஆயர் என்று பெயருக்குக் கீழே குறிப்பும் போட்டேன். உன் வாழ்க்கைக்கு உதவி செய்கிறேன் என்றே நம்பினேன். உனக்கும் எனக்கும் வந்தது ஒரே நோயா என்று எனக்குத் தெரியாது. ஆனால் உன்னைப் பார்க்கப் போகும் மருத்துவருக்கு, உன் தகப்பனுக்கு என்ன வந்தது என்பது தெரிய வேண்டும். அதை நான் மறைத்துவிட்டேன்.

நேற்று முதல்வருக்கு எழுதி, என் பக்கத்தை மட்டும் திருப்பியனுப்பக் கேட்டிருக்கிறேன். என்ன நோய், எத்தனை மாதம், என்ன மாத்திரை என்று தனித்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன்னைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. உன் பக்கத்தைத் தொட எனக்கு உரிமையில்லை. அதைத் தபாலில் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது பாக்கியத்தின் வீட்டுக்குப் போனேன். ஒருவரிடமாவது வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று தோன்றிற்று. அந்தக் காலத்தில் எனக்கு வந்தது காய்ச்சல் இல்லை என்று தொடங்கினேன். அவள் நூலை முடிந்துகொண்டே, 'தெரியும் ஐயா' என்றாள். 'காய்ச்சக்காரரு மூணு மாசம் செவுத்தப் பாத்துகினு படுப்பாரா? அம்மாவும் அழுத கண்ணோட மார்க்கெட்டுக்கு வருவாங்களா? புள்ள டைஃபாய்டுன்னு சொன்னப்ப, பாவம் நல்லா மனப்பாடம் பண்ணிகினு வந்திருக்குதுன்னு பேசிகினோம். நீங்களா சொல்லட்டும்னு இருந்தோம். ரொம்ப லேட்டு ஐயா.' பிறகு, 'உக்காருங்க' என்றாள். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் நெய்தாள்.

உன் ஆலோசகரும் ஒருவேளை அப்படித்தான் இருக்கிறாரோ என்னவோ. மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிற கை, மூன்று ஆண்டாகப் பார்க்கிறவர் கண்ணுக்குத் தப்பியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவருக்குத் தெரியும் என்பதும், நீ சொன்னாய் என்பதும் ஒன்றல்ல. சொன்னால் பட்டத்தை ஓராண்டு தள்ளிவைக்கலாம். உன் பயம் ஆதாரமில்லாதது என்று நான் ஆறுதல் சொல்லப் போவதில்லை. தள்ளிவைத்தால் உன்னோடு படித்தவர்கள் முதலில் சபைக்குப் போவார்கள், உன் பெயர் அடுத்த பட்டியலில் வரும், நம் சபையார் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். அந்த ஓராண்டு கடினமாகத்தான் இருக்கும். சொல்லாமல் நீ பட்டம் பெற்றுக்கொண்டால், உன் முதல் சபையில் ஏதோ ஒரு வீட்டில், உன்னை நம்புகிறவர்களிடம் காய்ச்சல் என்று சொல்ல ஒரு பிள்ளையை வாசலுக்கு அனுப்புவாய். அதைவிட அந்த ஓராண்டு கடினமில்லை.

மாத்திரையை மறுபடி தொடங்குவதா என்பதை அந்த மருத்துவரிடமே போய்க் கேள். நீயாக முடிவு செய்யாதே. இதை உன் தாய் எழுதச் சொன்னாள். படிவங்களைத் திருத்த இந்த மாதம் முடியும்வரை அவகாசம் உண்டு என்று முதல்வர் தம் கடிதத்தில் குறித்திருக்கிறார். நீ அதில் என்ன எழுதினாலும், அதனால் எது தள்ளிப்போனாலும், எது கிடைக்காமலே போனாலும், உன்னைக் குறித்து நான் வெட்கப்பட மாட்டேன். வெட்கப்படுவேன் என்று நீ எண்ணும்படி இத்தனை ஆண்டு நடந்துகொண்டவன் நான். ஆகவே இதை வாய்ச்சொல்லாக விடாமல், எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறேன்.

உன் தகப்பன்